ஒயில் மாற்றுவது சின்ன வேலை என்பவர்களுக்கு

புளியங்குளம் சந்தியில் சற்று நேரம் நின்றால் வன்னியில் ஓடுகிற வாகனங்களில் எல்லா வகையும் கண்ணில் பட்டுவிடும். ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் பஸ்கள், ஹயஸ் வான்கள், மணலும் கல்லும் ஏற்றிய டிப்பர்கள். கிழக்கே நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பும் பட்டா என்ற சிறு லொறிகள், பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்கள், லாண்ட்மாஸ்டர்கள், ஓட்டோக்கள், கணக்கில்லாத மோட்டார் சைக்கிள்கள். இவற்றின் சொந்தக்காரர்களிடம் ஒயில் மாற்றுவது பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

“அது என்ன அண்ணை பெரிய வேலையே? நட்டைக் கழட்டி வடியவிட வேணும், பில்டரை மாத்த வேணும், புது ஒயிலை ஊத்த வேணும். நேற்று வேலைக்கு வந்த பெடியனும் செய்வான்.”

இதைச் சொல்பவர்கள் வாகனம் தெரியாதவர்கள் இல்லை. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர்களும் சொல்கிறார்கள், கராஜ் முதலாளிகளும் சொல்கிறார்கள். சொல்வதோடு நிற்காமல் அதன்படியே நடக்கிறார்கள். ஹெட் கழற்றவும் கியர்பொக்ஸ் இறக்கவும் தலைமை மெக்கானிக்கான பாஸ் வருவார். ஒயில் மாற்ற, ஆகக் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெடியன் குழிக்குள் இறங்குவான். சொந்தக்காரர் எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் இருந்து போன் பார்ப்பார். இந்தக் கருத்தும் இந்த வழக்கமும் நல்ல எஞ்சின்களைக் கொல்கின்றன என்பதே என் வாதம். ஒயிலைப் பிந்தி மாற்றினால் எஞ்சின் தேய்ந்து தேய்ந்து, சத்தம் காட்டி, புகை காட்டிச் சாகும். கவனமில்லாமல் மாற்றினால் அன்று பின்னேரமே செத்துப்போகலாம்.

எஞ்சினுக்குள் ஒயில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிராங் ஷாப்ட் தன் பெயாரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பம்ப் தள்ளிவிடும் ஒயில் படலத்தின் மேல்தான், நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றிலும், ஷாப்ட் மிதக்கிறது. படலம் அறுந்தால் இரும்போடு இரும்பு உரசும், உரசினால் சூடேறும், சூட்டில் பெயாரிங் உருகி ஒட்டும். இதற்கு நாட்கணக்கு வேண்டியதில்லை, நிமிடக்கணக்குப் போதும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஒயில் விளக்கு, ஒயில் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வாகனங்களில் அது சொல்வது ஒயிலின் அமுக்கம் விழுந்துவிட்டது என்பதை. ஓமந்தை தாண்டி அந்த விளக்கு எரிந்தால், புளியங்குளம் வரை ஓட்டி வந்து காட்டுவோம் என்று நினைக்கக் கூடாது. எரிந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

ஆக, ஒயில் மாற்றுவது என்றால், எஞ்சினின் உயிர் தங்கியிருக்கும் ஒயில் பாதையைச் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தரம் திறந்து மூடுவது. வேறு எதற்காகவும் எஞ்சினை நாம் இவ்வளவு அடிக்கடி திறப்பதில்லை. ஒரு வாகனத்தின் ஆயுளில் ஹெட்டை ஒரு தரமோ இரண்டு தரமோ கழற்றுவோம். எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்பின் நட்டை ஐம்பது தரம் கழற்றுவோம். அப்படியானால் பிழைவிட ஆக அதிக வாய்ப்புள்ள வேலை எது?

அந்த சம்ப் நட்டையே எடுப்போம். பல கார்களிலும் வான்களிலும் அதை இறுக்க வேண்டிய அளவு 30 முதல் 40 நியூற்றன் மீற்றருக்குள் வரும். மோட்டார் சைக்கிளில் பொதுவாக அதைவிடக் குறைவு. சரியான நீளமுள்ள ஸ்பனரை ஒரு கையால் நிதானமாக இழுத்தால் கிடைக்கும் பலம் அது. ஆனால் நம் சேர்விஸ் கடைகளில் நடப்பது வேறு. ரயர் நட்டுக்கு வைத்திருக்கும் எயார் கன்னையே சம்ப் நட்டுக்கும் வைத்து அடிக்கிறார்கள். எயார் கன் இல்லாத கடையில் ஸ்பனரின் வாலில் பைப்பைச் செருகி இழுக்கிறார்கள். “நல்லா இறுக்கு தம்பி, கழண்டிடப் போகுது” என்று சொந்தக்காரரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். நட்டு உருக்கு, சம்ப் பல வாகனங்களில் அலுமினியம். உருக்கும் அலுமினியமும் மோதினால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. சம்பின் புரி உரிந்துவிடும். உரிந்ததை யாரும் சொந்தக்காரருக்குச் சொல்வதில்லை. புரியில் வெள்ளை நாடாவைச் சுற்றி, சிலிக்கன் பூசி, பூட்டி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தரம் கழற்றுகிறவன் கையில் புரியும் சேர்ந்து வரும், பழி அவன் தலையில் விழும்.

நட்டோடு வரும் வாசர் இன்னும் மோசமாக மறக்கப்பட்ட பொருள். செப்பிலோ அலுமினியத்திலோ செய்த மெல்லிய வளையம் அது. இறுக்கும்போது நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஒரு தரம் நசுங்கியது இரண்டாம் தரம் அதே மாதிரி நசுங்காது. ஆகவே ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் புது வாசர் போட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதுகிறார்கள். அதன் விலை ஒரு தேத்தண்ணியின் விலைக்கு மேல் பெரிதாகப் போகாது. இருந்தும் கடையில் வைத்திருப்பவர்கள் குறைவு, கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. பழைய வாசரோடு பூட்டினால் கசியும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்கப் புரி போகும். ஒரு சின்ன வளையத்தை மிச்சம் பிடிக்கப் போய் முழு சம்பையே மாற்றும் நிலை வருகிறது.

பில்டரில் நடக்கும் பிழை இதைவிட வேகமானது. சுற்றிக் கழற்றும் பில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சூட்டில் அது எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும். பில்டர் கழன்று வந்தாலும் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே தங்கிவிடும். அதைப் பார்க்காமல், துணியால் துடைக்காமல், புதுப் பில்டரைப் பூட்டினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். முதலில் கசியாது. எஞ்சின் சூடாகி அமுக்கம் ஏறியதும் வளையம் பிதுங்கி, சம்பில் இருக்கும் ஒயில் முழுவதையும் பம்ப் தானே வீதியில் கொட்டிவிடும். ஒரு நல்ல மெக்கானிக் பழைய பில்டரைக் கழற்றியவுடன் முதலில் அதன் வாயைத் திருப்பிப் பார்ப்பான். வளையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதை எடுப்பான். புதியதன் வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையால் சுற்றி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று அளவுக்கு இறுக்குவான். ஒரு நிமிட வேலைதான். அந்த ஒரு நிமிடத்தைச் செய்யக் கற்றவனுக்கும் கற்காதவனுக்கும் இடையே ஒரு எஞ்சினின் விலை இருக்கிறது.

ஒயிலின் அளவு பற்றியும் நம்மிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு: குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் நல்லதுதானே என்பது. மிச்சமாக இருந்த அரை லீற்றரை “ரின்னில வைச்சு என்ன செய்யிறது” என்று அதையும் ஊற்றிவிடுவார்கள். டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறத்தாழ ஒரு லீற்றர்தான் வித்தியாசம். மேல்கோட்டைத் தாண்டி நிறைத்தால் சுழலும் கிராங் ஒயிலைத் தொட்டு அடிக்கத் தொடங்கும். அடித்த ஒயில் நுரையாகும். நுரையைப் பம்ப் உறிஞ்சினால் பெயாரிங்குக்குப் போவது பாதி காற்று. மேலதிக ஒயில் சீல்களைப் பிதுக்கும், பிறீதர் குழாய் வழியே காற்று உள்ளே போகும் பாதைக்கு ஏறும். டீசல் எஞ்சினில் அதன் கடைசிக் கட்டம் பயங்கரமானது. எஞ்சின் தன் சொந்த ஒயிலையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டு கட்டுமீறி ஓடத் தொடங்கும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது. காற்று வரும் வாயை அடைத்தால்தான் நிற்கும், அல்லது உடைந்து நிற்கும். நம் ஊரில் ஓடும் உழவு இயந்திரங்களிலும் டிப்பர்களிலும் பட்டாக்களிலும் பெரும்பாலானவை டீசல் என்பதை நினைவில் வைத்து இதை வாசிக்க வேண்டும்.

வேறொரு நட்டைக் கழற்றுவதும் நடக்கிறது. வாகனத்தின் அடியில் எஞ்சின் சம்ப் நட்டும் கியர்பொக்ஸ் நட்டும் சில மொடல்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தெரியாத பெடியன் கியர்பொக்ஸை வடியவிட்டு, மேலே எஞ்சினில் புது ஒயிலை ஊற்றுவான். கியர்பொக்ஸ் வறண்டு போகும், எஞ்சினில் இரண்டு மடங்கு ஒயில் நிற்கும். ஒரே பிழையில் இரண்டு இயந்திரங்கள். வடிந்து வந்த ஒயில் கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ தேன் நிறத்திலோ வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏனென்றால், அது சின்ன வேலை.

எந்த ஒயில் என்பதற்கு வருவோம். கடை மூலையில் ஒரு பரல் நிற்கும். காருக்கும் அதுதான், ஓட்டோவுக்கும் அதுதான், மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். “எல்லாம் ஒயில்தானே” என்ற இந்த எண்ணத்தால் ஆகக் கூடுதலாகப் பாதிக்கப்படுவது மோட்டார் சைக்கிள்காரர்கள். வன்னியில் வீட்டுக்கு ஒன்று என்று நிற்கும் பல்சர், சி.ரி. 100, பழைய எம்.டி. 90 போன்றவற்றில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான். கிளச் தட்டுகள் அந்த ஒயிலில் நனைந்தபடியே பிடிக்க வேண்டும். கார்களுக்கான நவீன ஒயில்களில் எரிபொருள் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கிறார்கள். அந்த ஒயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கலாம். இந்தச் சிக்கலுக்காகவே யப்பானியர்கள் 1998 இல் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்குத் தனித் தரம் வகுத்தார்கள். ரின்னின் பின்பக்கத்தில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்கும். அதைத் திருப்பிப் பார்க்காமல் ஊற்றிவிட்டு, இரண்டு மாதத்தில் “கிளச் பிளேட் போட்டுது, மாத்த வேணும்” என்று அதே கடையில் காசு வாங்குவது நியாயமா? டொயொட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களுக்கு 0டபிள்யூ-20 போன்ற மிக மெல்லிய ஒயில் வேண்டும். அதில் பழைய வானுக்கு வைத்திருந்த 20டபிள்யூ-50 ஐ ஊற்றினால், நிமிடத்துக்கு நிமிடம் நின்று மீண்டும் எழும் அந்த எஞ்சினுக்குள் ஒயில் போய்ச் சேரப் பிந்தும், எரிபொருள் சிக்கனமும் போகும். “தடிச்ச ஒயில் எண்டால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு” என்ற வசனம் பழைய மெசி பேர்குசன் உழவு இயந்திரக் காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். இன்று எல்லா வாகனத்துக்கும் அதையே சொல்வது பிழை.

இவ்வளவு ஆபத்து இருந்தும் “சின்ன வேலை” என்ற கருத்து எப்படி உயிரோடு இருக்கிறது? காரணத்தை இந்த வீதியிலேயே காணலாம். ஒரு பட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். 702 சிசி, இரண்டு சிலிண்டர், டீசல். காலையில் சந்திக்குப் பக்கத்தில் எங்கோ ஒயில் மாற்றுகிறார்கள். நட்டைக் கையால் பிடித்துவிட்ட பெடியனை முதலாளி கூப்பிடுகிறார். அவன் திரும்பி வரும்போது இறுக்கியாயிற்று என்ற நினைப்பு. பட்டா நெல் மூட்டைகளோடு ஒட்டுசுட்டானுக்குப் போகிறது. கிறவல் பாதை அதிர்வில் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ முல்லைத்தீவுப் பக்கத்தில், யானை கடக்கும் காட்டு வழியில், இருட்டில் எஞ்சின் இறுகி நிற்கிறது. இழுத்துக்கொண்டு போய் வேறொரு கராஜில் விடுகிறார்கள். அங்கே பிரித்துப் பார்த்த பாஸ் “பழைய எஞ்சின்தானே தம்பி, லோட் கூட” என்கிறார். பிழை நடந்த இடமும் எஞ்சின் செத்த இடமும் வேறு வேறு ஊர்கள், வேறு வேறு நாட்கள், வேறு வேறு ஆட்கள். பிழையான ஒயிலாலும் உரிந்த புரியாலும் வரும் கேட்டுக்கோ மாதங்கள் எடுக்கும். சாட்சி அழிந்துவிடுவதால் குற்றமே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். “நான் எத்தினையோ தரம் மாத்தியிருக்கிறன், ஒண்டும் நடக்கேல்லை” என்கிறவருக்கு, நடந்தது தெரியவந்திருக்குமா என்பதே என் கேள்வி.

இந்த இடத்தில் வன்னியில் எல்லோரும் எடுத்துப் போடும் ஒரு வாதம் உண்டு. அதை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். “தடைக்காலத்தில மண்ணெண்ணெயில ஓட்டினனாங்கள். அப்ப என்ன மனுவல், என்ன டோர்க்? வாகனம் ஓடேல்லையே?” ஓடியதுதான். 1990களின் பொருளாதாரத் தடைக்குள், பெற்றோலே வராத நிலத்தில், துளி பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். 1997 மே மாதம் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கி இதே புளியங்குளம் போர்முனையாக இருந்த மாதங்களிலும் வன்னியில் வாகனங்கள் ஓடின, காயப்பட்டவர்களை ஏற்றின. ஆனால் அந்த ஓட்டத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம் இவர்கள் சொல்வதற்கு நேர்மாறானது. பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கி ஒயிலை ஐதாக்கும். அந்த நாளைய மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். டிப்ஸ்டிக்கை இழுத்து மூக்கில் வைத்து மணந்து பார்ப்பார்கள், இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார்கள். ஒயில் மட்டம் குறையாமல் கூடியிருந்தால் சந்தோசப்பட மாட்டார்கள், பயப்படுவார்கள். மாற்றுப் பாகம் வராது, மாற்று எஞ்சின் கனவிலும் கிடையாது, ஆகவே இருந்ததைக் கண்ணாகக் காத்தார்கள். அந்தத் தலைமுறையின் திறமையைக் காட்டி இந்தக் காலத்தின் அசட்டையை நியாயப்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

அந்தத் தட்டுப்பாடு முழுதாக முடிந்துவிட்டதும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2022 யூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, பிறகு கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கினோம். எரிபொருளைத் துளித்துளியாக எண்ணிய அதே கைகள், எஞ்சினைக் காக்கும் ஒயிலின் நட்டை யார் பூட்டினார் என்று கேட்காமல் விடுவது எப்படி?

“விமானமா ஓட்டுறம், இவ்வளவு கவனிக்க?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். விமானத்தையே உதாரணமாக எடுக்கலாம். 1983 மே 5 அன்று அமெரிக்காவின் ஈஸ்டர்ன் எயார்லைன்ஸின் எல்-1011 விமானம் ஒன்று மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோவுக்குப் புறப்பட்டது. உள்ளே 172 பேர். முந்திய இரவு மூன்று எஞ்சின்களிலும் ஒயிலில் உலோகத்தூள் இருக்கிறதா என்று காட்டும் சிறு பாகத்தை மாற்றியிருந்தார்கள். அந்தப் பாகம் வழமையாக ரப்பர் வளையம் போட்டபடியே கைக்கு வரும். அன்று களஞ்சியத்திலிருந்து வந்ததில் வளையம் இல்லை. போட்டிருக்கும் என்ற நினைப்பில் யாரும் பார்க்கவில்லை. மூன்றிலும் பூட்டி, ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுழற்றி, கசியவில்லை என்று கையொப்பம் வைத்தார்கள். கடலின் மேல் ஒயில் அமுக்கம் விழுந்தது. நடு எஞ்சினை விமானி தானே நிறுத்தினார், மற்ற இரண்டும் தாமாக நின்றன. பயணிகள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு கடலில் விழக் காத்திருந்தார்கள். முதலில் நிறுத்திய எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய முடிந்ததால் மயாமிக்குத் திரும்பி இறங்கினார்கள், ஒருவரும் சாகவில்லை. விசாரித்த சபை மெக்கானிக்குகளோடு நிற்கவில்லை. இதே பாகத்தில் முன்பும் பிழைகள் நடந்தும் சரிப்படுத்தாத மேற்பார்வையையும் நிருவாகத்தையும் குற்றம் சொன்னது. பயிற்சி பெற்று, உரிமம் வைத்திருந்து, தாளில் கையொப்பம் வைத்தவர்களே பழக்கத்தின் வேகத்தில் ஒரு வளையத்தைத் தவறவிட்டார்கள் என்றால், பயிற்சியும் தாளும் மேற்பார்வையும் இல்லாத குழிக்குள் என்ன நடக்கும்?

“நான் கொம்பனி ஒயில்தான் வாங்கிக் குடுக்கிறன்” என்பது இன்னொரு பதில். ரின் நல்லதாக இருக்கட்டும். போலி ஒயில் என்ற ஆபத்து உண்மையானது, முத்திரை பார்த்து வாங்குவது நல்ல பழக்கம். ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த ஒயிலும் திறந்த நட்டின் வழியே வடிந்துபோகும். மண் படிந்த புனலில் ஊற்றினால் நம் செம்மண்ணையும் சேர்த்தே எஞ்சினுக்குள் கொண்டுபோகும். ஒயிலின் பெயரை விசாரிப்பதில் பாதியை, ஊற்றுபவனின் கையை விசாரிப்பதிலும் காட்டினால் போதும்.

இனி எனக்கு ஆகக் கனமாகப் படும் மறுப்பு. “ஏழைப் பெடியன்களின்ர வயித்தில அடிக்கிறியள். படிப்பை விட்டவன் ஏதோ ஒரு தொழில் பழகிறான், அவனில பிழை பிடிக்கிறியள்.” நான் பிழை பிடிப்பது அவனில் இல்லை. அவன் செய்யும் வேலையைச் சின்னது என்று பெயர் வைத்து, சின்னக் கூலி கொடுத்து, சொல்லிக்கொடுக்காமல் குழிக்குள் இறக்கிவிட்டவர்களில். அந்தப் பெயர் அவனுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். கையுறை இல்லை. சூடான கறுப்பு ஒயில் முழங்கை வரை வழியும். பிறகு பெற்றோலால் கழுவுவான். பாவித்த எஞ்சின் ஒயிலில் எரிந்த எரிபொருளின் நச்சுக் கூறுகளும் உலோகத்தூளும் இருக்கின்றன. அது தோலில் வருடக்கணக்காகப் படுவது புற்றுநோய் ஆபத்து என்பது மருத்துவம் நெடுநாளாகச் சொல்லும் விசயம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இயங்குகிறது. வாகனத் தொழில்நுட்பத்துக்கு அங்கே தனிப்பிரிவு உண்டு, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. வன்னி மண்ணிலேயே கற்க இடம் இருக்கிறது. கற்று வந்தவனுக்குக் கற்காதவனின் கூலியையே கொடுத்து, அதே வேகத்தையே எதிர்பார்த்தால், அவன் கற்றதை ஏன் கையில் வைத்திருக்கப் போகிறான்? சுத்தமாக ஒயில் மாற்றுகிறவனுக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று வாகனச் சொந்தக்காரர்களிடம்தான் நான் கேட்கிறேன்.

வடிந்த ஒயில் எங்கே போகிறது என்பதும் இதே அசட்டையின் தொடர்ச்சி. கொஞ்சம் வேலிக் கட்டைக்குக் கறையானுக்காகப் பூச எடுத்துப்போவார்கள். மிச்சம் கடையின் பின்பக்க நிலத்தில் ஊற்றப்படும். நிலம் குடித்த எண்ணெய் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். சுன்னாகம் மின்நிலைய வளாகத்திலிருந்து இறங்கிய எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. மக்கள் வருடக்கணக்கில் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் அங்கே மின் உற்பத்தி செய்த நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தால் அந்தக் கிணறுகளின் பழைய தண்ணீர் திரும்பி வரவில்லை. ஒரு சேர்விஸ் கடை மின்நிலையம் இல்லைத்தான். ஆனால் ஏ9 நெடுக எத்தனை கடைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வருடங்கள்? வாகன சேர்விஸ் நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. புளியங்குளத்தில் நாம் குடிப்பதும் கிணற்றுத் தண்ணீர்தான், வயலுக்குப் பாய்வது குளத்துத் தண்ணீர்தான்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. “கடைக்காரனோட என்னெண்டு வாதாடுறது, எழுத்தில ஒண்டும் இல்லையே” என்று விட்டுவிடுகிறோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்வதாக வாக்குறுதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். எழுதாவிட்டாலும் அது உண்டு. பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆகவே சீட்டுக் கேளுங்கள். அதில் திகதி, கிலோமீற்றர், ஒயிலின் தரம், ஊற்றிய லீற்றர், நட்டை இறுக்கியவரின் பெயர் இருக்கட்டும். எழுதும் கை பார்க்காமல் எழுதாது. முல்லைத்தீவுக் காட்டு வழியில் நின்றுபோன பட்டாவுக்கும் அப்போதுதான் ஒரு சாட்சி இருக்கும்.

கடைசியாக எல்லோரும் சொல்வது நேரம் இல்லை என்பது. காலபோக விதைப்புக்கு மழை தொடங்கிவிட்டால் உழவு இயந்திரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதே கடினம், எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்பது ஒரு நாளை இல்லை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். தேத்தண்ணிக் கடைக்குப் போகாமல் குழிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். புது வாசர் போடுவதைக் கண்ணால் பாருங்கள். நட்டைக் கையால் சுற்றி ஏற்றச் சொல்லுங்கள், ஸ்பனர் கடைசியில் மட்டும். ஊற்றி முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சிவப்பு விளக்கு அணையும் வரை உறுமவிடாமல், ஓரிரு நிமிடம் ஓடவிட்டுக் கீழே ரோர்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை நீங்களே இழுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே நின்றால் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் காலையில் வாகனம் நின்ற இடத்து மண்ணையும் பாருங்கள். ஆனால் கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பழைய பில்டரைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். அதன் வாயில் ரப்பர் வளையம் இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டியிருக்கிறது. வாகனத்தை அந்த இடத்திலிருந்து ஓரடியும் நகர்த்த வேண்டாம்.